தள்ளி நின்று பார்த்த பன்னிரண்டு நாள்

பிசியோதெரபி படிக்கிறேன் என்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடி குவார்ட்டர்ஸில் யாரிடமாவது சொன்னால், முதலில் அந்தப் பெயரை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். பிறகு அனுதாபப்படுவார்கள். எதிர் பிளாக்கில் இருந்த திருநெல்வேலிக்கார அம்மா, சுளுக்கு எடுப்பதற்கா நாலு வருஷம் என்று என் அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார். அவர் ஊரில் ஒருவர் அதை நாலு நிமிஷத்தில் எடுத்துவிடுவாராம். என் அப்பா தொழிற்சாலையில் தன் செக்‌ஷன் ஆட்களிடம், டாக்டர் மாதிரிதான், ஆனால் ஊசி போடாது என்று விளக்கம் கொடுத்து வைத்திருந்தார். மூன்றாம் வருஷம் வரைக்கும் எனக்கும் அதைவிட நல்ல விளக்கம் தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் மனப்பாடம். எந்தத் தசை எந்த எலும்பில் தொடங்கி எந்த எலும்பில் முடிகிறது, அதற்கு எந்த நரம்பு போகிறது என்பதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வருவேன். ஆவடியில் பஸ் ஏறினால் பருத்திப்பட்டு ஏரி வருவதற்குள் ஒரு கை முடிந்துவிடும். பூந்தமல்லி வருவதற்குள் கால். அங்கே இறங்கி வேறு பஸ் பிடித்து, குமணன்சாவடிப் பக்கம் கல்லூரி வாசலில் போய் நிற்கும்போது முதுகு மட்டும் பாக்கி இருக்கும். பக்கத்தில் உட்காருகிற பெண்கள் நான் ஏதோ வேண்டுதலில் இருக்கிறேன் என்று நினைத்து, காலை இடித்தால்கூட மன்னிப்புக் கேட்பார்கள். வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண். அதனால் என் நோட்டுக்கு அங்கே நல்ல மரியாதை. எனக்கு இருந்ததா என்பது வேறு விஷயம்.

என் கைகளைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் பேசியதில்லை. இரண்டாம் வருஷம், ஒருவர் மேல் ஒருவர் செய்து பழகுகிற வகுப்பில், ஒரு தோழியின் தோளைப் புத்தகத்தில் சொன்னபடியே பிடித்து, சொன்னபடியே தூக்கினேன். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் பாடம் நின்றுபோனது. மூன்று நாள் அவளுக்குத் தலை பின்னிவிட இன்னொருத்தி வர வேண்டியிருந்தது. நல்ல பெண், மன்னித்துவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு யார் உடம்பைத் தொட்டாலும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அதை மறைப்பதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். செய்முறை வகுப்பில் விளக்கம் சொல்கிற ஆளாக முன்னால் போய் நின்றுகொள்வேன். பிடிக்கிற வேலை வேறு யாருக்காவது போய்விடும். வாய் ஓயாமல் பேசுகிறவளின் கையை யாரும் கவனிப்பதில்லை.

மூன்றாம் வருஷம் எங்களுக்கு ஒரு புது லெக்சரர் வந்தார். வயது இருபத்தேழு இருந்தால் அதிகம். எங்களைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவர் என்பது தெரிந்துவிடக் கூடாது என்று, கஞ்சி போட்ட காட்டன் புடவையை விறைப்பாகக் கட்டிக்கொண்டு வருவார். அது பத்தரை மணி வரைக்கும் தாங்கும். பெங்களூரில் ஒரு மாதப் பயிற்சிக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அந்த வேகம் அடங்கவில்லை. மேடம் அங்கிருந்து எங்களுக்கு இரண்டு சாமான்கள் கொண்டுவந்தார். ஒன்று, தினமும் ஓ.பி.யில் வெளிநோயாளிகளைப் பார்த்து முடித்ததும் நாங்கள் எழுத வேண்டிய சிந்தனை நோட்டு. இன்று என்ன நடந்தது, அதைப் பற்றி நான் என்ன நினைத்தேன், அடுத்த முறை எதை மாற்றிச் செய்வேன் என்று எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் ரெக்கார்டு நோட்டு எழுதியே வளர்ந்தவர்கள் நாங்கள். முதல் வாரம் பாதி வகுப்பு, கோடு போட்டு, நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு என்று தலைப்புக் கொடுத்துச் சிந்தித்து வைத்திருந்தது. ஒருவன் இடப்பக்கம் படம்கூட வரைந்திருந்தான்.

இன்னொரு சாமான், நாற்பது வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவம். சிலர் கையை வைத்துப் பார்த்துத்தான் கற்பார்கள், சிலர் தள்ளி நின்று கவனித்துக் கற்பார்கள், சிலருக்குக் காரணம் தெரிய வேண்டும், சிலருக்குப் பயன் தெரிய வேண்டும். நீங்கள் எந்த வகை என்று இது காட்டிக்கொடுக்கும் என்றார் மேடம். நமக்குப் பொருந்துகிற வாக்கியத்துக்கு டிக் போட வேண்டும். புது இடத்தில் முதலில் ஓரமாக நின்று கவனிப்பேன் என்று ஒன்று. இறங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பேன் என்று இன்னொன்று. இதில் சரி, தப்பு கிடையாது, மனசில் பட்டதைப் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆபீஸில் போன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தவர்களிடம், சரி தப்பு கிடையாது என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போகலாமா? இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று வகுப்பு முடிவு செய்தது. சரியான பதில் யாருக்காவது தெரியும் என்றால் அது எனக்குத்தான் தெரியும் என்றும் முடிவு செய்தது. நானும் சும்மா இல்லை. மனசில் பட்டதையா போட்டேன்? ஒரு நல்ல மாணவி எதற்கெல்லாம் டிக் போடுவாள் என்று யோசித்து யோசித்துப் போட்டேன். பொறுமையாகக் கவனிப்பவள், நாலு பக்கமும் யோசிப்பவள், அவசரப்படாதவள். பதினேழாவது வாக்கியத்தில் மட்டும் டிக் போட்டு, அதை அடித்து, பக்கத்தில் திரும்ப டிக் போட்டேன். அதற்குள் பின்னாலிருந்து தாளை உருவிவிட்டார்கள். முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை போய், மேடம் திரும்புவதற்குள் அது என்னிடமே வந்து சேர்ந்தது.

மறுநாள் மேடம் வந்தபோது முகமெல்லாம் பூரிப்பு. கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டாராம். இருபத்து நான்கு பேரும் ஒரே வகை, தள்ளி நின்று கவனித்துக் கற்கிறவர்கள். இப்படி ஒரு வகுப்பு அமைவது அபூர்வம் என்றார். பாவம், நம்பிவிட்டார். ஐந்து பேருடைய தாளில், பதினேழாவது இடத்தில் நான் அடித்த அடியும் அப்படியே இருந்தது. அடித்துத் திருத்தியதும் விடையில் சேர்த்தி என்று நினைத்து அதையும் எழுதியிருந்தார்கள். சந்தோஷத்தில் இருப்பவர் கண்ணுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

கற்கிறவரின் வகைக்கு ஏற்றபடி பாடத்தை மாற்ற வேண்டும் என்று பெங்களூரில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் போல. மேடம் உடனே மாற்றினார். அடுத்த ஆறு வாரத்துக்கு ஓ.பி.யில் நாங்கள் யாரும் நோயாளியைத் தொட வேண்டாம். ஆளுக்கொரு நோயாளி. பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று கவனிக்க வேண்டும். மேடம் வந்து சிகிச்சை செய்வார். நாங்கள் அதை நோட்டில் எழுத வேண்டும். கண் நன்றாகப் பழகிவிட்டால் கை தானாக வரும் என்றார்.

வகுப்பு வாடிப்போனது. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் கையைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள். அம்பத்தூரிலிருந்து ஒருவன் வருவான். பஸ்ஸில் தூங்கி வழிகிறவர் கழுத்தைக்கூட நேராக்கி வைத்துவிட்டுத்தான் இறங்குவான். அவனைக் கையைக் கட்டி நிற்கச் சொன்னால் என்ன ஆகும்? நீ போட்ட டிக்குதானே, நீயே போய்ச் சொல்லு என்று என்னிடம் வந்து நின்றான். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். காப்பி அடித்தது அவர்கள், போய்ச் சொல்ல வேண்டியது நானாம். பார்க்கலாம் என்றேன். எங்கள் வீட்டில் அப்பா எதையாவது பார்க்கலாம் என்று சொன்னால் அது நடக்காது என்று நாங்கள் புரிந்துகொள்வோம். அந்தச் சொல்லை நான் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த உத்தரவு பெரிய நிம்மதி. தொடாமல் இருப்பதற்கு ஒரு வருஷமாக எத்தனை சாமர்த்தியம் செய்துகொண்டிருந்தேன். இப்போது தொட வேண்டாம் என்று மேடமே சொல்லிவிட்டார்.

எனக்குக் கிடைத்த நோயாளி கோவில்பதாகையிலிருந்து வருவார். முப்பத்தைந்து வயது இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் லேத் என்கிற கடைசல் மிஷின் ஓட்டுகிறவர். மொபெட்டிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகு மணிக்கட்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. முதல் நாள் மேடம் கோனியோமீட்டரை வைத்து அளந்தார். பள்ளிக்கூடத்துப் பாகைமானிக்கு இரண்டு நீளக் கை வைத்த மாதிரி இருக்கும் அது. இடது கையை மேல்நோக்கி மடக்கச் சொன்னபோது எழுபது டிகிரி வந்தது. வலது கையில் பதினைந்து.

ஐந்து வாரம் கழித்துக் கம்பெனி டாக்டர் அந்தக் கையைப் பார்ப்பார். லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற 'சக்'கை முடுக்கவும் கைப்பிடியைச் சுற்றவும் முடியும் என்று அவருக்குப் பட்டால் பழையபடி மிஷின். இல்லாவிட்டால் பேக்கிங் செக்‌ஷன். இவருடைய அப்பாவும் அண்ணன்களும் அடுத்தவர் வயலில் கூலிக்கு ஏர் ஓட்டியவர்கள். வயலெல்லாம் மனையானதும் வாட்ச்மேன் வேலைக்குப் போனார்கள். அந்த வீட்டில் மிஷின் முன்னால் நின்ற முதல் ஆள் இவர்தான். முதல் நாளே மேடத்திடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"பேக்கிங்ல போட்டா அட்டப்பொட்டிய ஒட்டிகினு குந்திகினு கெடக்கணும் மேடம். எனக்கு என் மிஷினு வோணும்."

கவலைப்படாதீர்கள், இந்தப் பெண் கூடவே இருப்பாள் என்று மேடம் என்னைக் காட்டினார். நான் கூடவே இருந்தேன். அதில் குறை சொல்ல முடியாது.

ஓ.பி.க்குக் காலையில் இருபது பேருக்குக் குறையாமல் வருவார்கள். முன்பெல்லாம் மாணவர்கள் பிரித்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம் செய்வோம். செய்வார்கள் என்று சொல்வதுதான் என் விஷயத்தில் நியாயம். இப்போது இருபது பேருக்கும் மேடம் ஒருவர்தான். சூடான மெழுகை அட்டெண்டர் பூசிவிடுவார். அதற்குப் பிறகு கையைப் பிடித்து மூட்டை அசைத்துக்கொடுப்பதுதான் முக்கியமான வேலை. அதற்கு மேடம் ஓட்டமும் நடையுமாக வந்து சேரும்போது ஒருவருக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தால் பெரிது. மீதி நேரம் என் நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், நான் பக்கத்தில் நிற்பேன்.

மூன்றாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை. எதற்காக நிற்கிறாய் என்று கேட்டார். பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்றேன். "எம்மா நேரந்தான் பாப்பே டாக்டரம்மா? நான் இன்னா டிவியா?" என்றார். பக்கத்து ஸ்டூலில் முட்டிவலிக்கு வந்திருந்தவர் சிரித்த சிரிப்பில் அவர் காலில் கட்டியிருந்த மணல் மூட்டை கழன்று விழுந்தது. அதை எடுத்துக் கட்டவும் எனக்கு அனுமதி இல்லை.

நான் எதுவுமே செய்யவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை ஒரு தாளில் நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன். மணிக்கட்டினை மெல்ல மேல்நோக்கி உயர்த்துக, பத்து எண்ணும் வரை நிறுத்துக. அவர் அதை மரியாதையாக வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தினமும் அந்தத் தாள் கோவில்பதாகையிலிருந்து அவரோடு வந்து, அவரோடு திரும்பிப் போனது. அதற்குமேல் அந்தப் பயிற்சி எதுவும் நடக்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டால் கற்றுக்கொடுத்தாகிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். நான் அப்படித்தானே எல்லாவற்றையும் கற்றிருந்தேன்.

சிந்தனை நோட்டில் மட்டும் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. 'இன்று நோயாளியின் கண்களில் நம்பிக்கைச் சுடர் ஒன்றைக் கண்டேன். காத்திருத்தலும் ஒரு சிகிச்சையே என்று உணர்ந்தேன்.' இப்படிப் பக்கம் பக்கமாக. மேடம் அதை வகுப்பில் எழுந்து நின்று வாசித்தார். சிந்தனை என்றால் இதுதான் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று மேடம் நினைத்திருப்பார். அன்றிலிருந்து என் சிந்தனையும் பெஞ்சு பெஞ்சாகப் போக ஆரம்பித்தது. அடுத்த நாள் ஒன்பது நோயாளிகளின் கண்களில் நம்பிக்கைச் சுடர் தெரிந்தது. அதில் ஒருவர் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் மெழுகு பூசி முடித்து, மேடத்துக்காகக் காத்திருக்கிற நேரத்தில், லேத்காரர் என் நோட்டைக் காட்டி, இத்தனை நாளாக என்ன எழுதுகிறாய், என்னைப் பற்றியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். படிக்கச் சொன்னார். எனக்கு உள்ளூர ஆசைதான். குரலை ஏற்றி இறக்கி, நிறுத்தி நிறுத்தி நாலு பக்கம் படித்தேன். அவர் மெழுகு பூசிய கையை மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்காகக் கேட்டார். முடித்ததும் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதிக்கீறே," என்றார். "இதுல என் கை எங்க கீது?"

நான் பக்கங்களைப் புரட்டினேன். பொறுமை இருந்தது, நம்பிக்கை இருந்தது, காத்திருத்தல் மூன்று இடத்தில் இருந்தது. கை இல்லை. முதல் நாள் எழுதிய பதினைந்து என்ற எண்ணுக்குப் பிறகு ஒரு எண்கூட இல்லை. பன்னிரண்டு நாளில் அந்த மணிக்கட்டு அசைந்ததா, அசையவில்லையா என்று நான் எழுதவே இல்லை. மேடத்தின் மேஜையிலிருந்த கோனியோமீட்டரை எடுத்து வந்து, உத்தரவை மீறி, மெழுகைத் துடைத்துவிட்டு அளந்தேன். பதினாறு வந்தது. அந்த ஒன்று என் கை நடுக்கம். அவர் குனிந்து அளவைப் பார்த்தார். லேத்காரருக்கு அளவு படிக்க என்னைவிட நன்றாகத் தெரியும். முதல் நாளும் இதேதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. இடது கை விரலை மடக்கி எண்ணினார். "மூணு வாரந்தான் கீது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. ஒரு மனுஷன் தினமும் இரண்டு பஸ் மாறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அவரை வைத்துக் கட்டுரை எழுதியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் மேடம் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரத்தில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் நல்ல பெண் மாதிரி யோசித்து டிக் போட்டதை, தாள் பெஞ்சு பெஞ்சாகப் போனதை, சொல்லாமல் இருந்ததை. மேடம் பீரோவிலிருந்து இருபத்து நான்கு தாள்களையும் எடுத்து மேஜையில் பரப்பினார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பதினேழாவது வாக்கியத்தில் ஒரே மாதிரி ஆறு அடித்தல்கள். முதலில் சிரித்தார். பிறகு புடவைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததாலா என்று எனக்குத் தெரியவில்லை.

"எட்டுப் பக்கம் எழுதிட்டேன்மா, எங்க புரொபசருக்கு," என்றார். "அபூர்வமான வகுப்புன்னு."

மறுநாள் காலை புதுப் படிவம். இந்த முறை யுனிவர்சிட்டி பரீட்சை மாதிரி ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்தார். சரி தப்பே கிடையாத ஒரு தாளுக்கு மேடம் நடந்து நடந்து கண்காணிப்பாளர் வேலை பார்த்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. வகுப்பு நாலு வகையிலும் சிதறியது. அம்பத்தூர்க்காரன் யோசிக்காமல் இறங்குகிறவன் என்று வந்தது. அதற்குப் படிவம் தேவையே இல்லை. தொடக் கூடாது என்ற உத்தரவை மேடம் அன்றைக்கே எடுத்துவிட்டார். மேடம் என் தாளை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு கூப்பிட்டார். நான் இந்த முறை நடிக்காமல், மனசில் பட்டதை மட்டும் போட்டிருந்தேன். பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாற்பதும் ஒன்றுபோல இருந்தன. பதினேழாவது வாக்கியத்தில் திரும்பவும் டிக் போட்டு, அடித்து, டிக் போட்டிருந்தேன். தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் செய்யாமலே இருந்துவிடுவதுண்டு என்பதுதான் அந்த வாக்கியம்.

"நடிச்சு எழுதினேன்னு சொன்னே. நடிக்கவே இல்லையே நீ," என்றார் மேடம்.

அப்போதுதான் கைகளைப் பற்றிச் சொன்னேன். தோழியின் தோளை, வேர்க்கிற உள்ளங்கையை, அந்த உத்தரவு எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை. மேடம் கேட்டுவிட்டு, உன் வகைப்படி பார்த்தால் நீ மட்டும் இன்னும் நாலு வாரம் நின்று பார்க்கலாம் என்றார். கிண்டலா, உண்மையாகவே கேட்கிறாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. அந்த லேத்காரர் கையை என்னிடம் கொடுங்கள் என்றேன்.

கொடுத்தார். முதல் நாள் பிடித்தவுடனே, இன்னா தண்ணியா கீது என்று கேட்டார் நோயாளி. பவுடரைக் கொட்டிக்கொண்டு திரும்பப் பிடித்தேன். மூட்டை மெல்ல அழுத்தி மேலே கொண்டுபோனபோது பல்லைக் கடித்து மூச்சை இழுத்தார். நான் பட்டென்று விட்டுவிட்டேன். தோழியின் சத்தம் காதில் கேட்டது. "உட்டுட்டியே," என்றார் அவர், ஏமாற்றத்தோடு. "புடி." பிடித்தேன். அன்றைக்கு அப்படி நாலு முறை விட்டேன், ஐந்து முறை பிடித்தேன்.

அதற்குப் பிறகு காலை முக்கால் மணி, மத்தியானம் முக்கால் மணி. நடுவில் அவர் வீட்டுக்குப் போகாமல் கல்லூரி வேப்பமரத்தடியிலேயே இருப்பார். சட்டைப்பையிலிருந்த என் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். படிக்கச் சொல்வதற்குப் பதிலாக எதிரில் நின்று செய்துகாட்டினேன்: கும்பிடுகிற மாதிரி உள்ளங்கைகளைச் சேர்த்து, பிரியாமல் கீழே இறக்க வேண்டும். என் கையைப் பார்த்து அவர் செய்தார், அவர் கையைப் பார்த்து நான் திருத்தினேன். அதை அவர் பஸ் ஸ்டாப்பிலும் விடவில்லை. எதிரில் வருகிறவர்களெல்லாம் பதில் வணக்கம் வைக்கிறார்கள், ஒருத்தர் நின்று வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்துவிட்டுப் போனார் என்று வந்து சொன்னார். என் நோட்டு இளைத்துப் போனது. 'இருபத்திரண்டு. வலித்தது. சீக்கிரம் விட்டுவிட்டேன். நாளை பத்து எண்ண வேண்டும்.' இதை மேடம் வகுப்பில் வாசிக்கவில்லை. யாரும் காப்பி அடிக்கவும் இல்லை. கம்பெனி டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய நாள் ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். இருபத்து நான்கு பேரில் எவர் தொட்டிருந்தாலும் அந்த எண் வந்திருக்கும்தான். ஆனால் தொட்டது என் கை.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கை சரியானவர்கள் திரும்பி வர மாட்டார்கள், சரியாகாமல் மனம் விட்டவர்களும் வர மாட்டார்கள். இவர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நாலு மாதம் கிடந்தேன்.

ஒரு நாள் காலை ஆவடி பஸ் ஸ்டாண்டில் வழக்கம்போல வாய்க்குள் தசைகளைச் சொல்லிக்கொண்டு நின்றிருந்தேன். "இன்னா டாக்டரம்மா, இன்னும் நின்னு பாத்துகினுதான் கீறியா?" என்று பின்னால் குரல் கேட்டது. திரும்பினால் அவர். காக்கிச் சட்டையின் கையில் எண்ணெய்க் கறை. பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவருக்கு எண்ணெய்க் கறை படாது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்காமல், கும்பிடுங்கள் பார்க்கலாம் என்றேன். நடு பஸ் ஸ்டாண்டில் உள்ளங்கைகளைச் சேர்த்துக் கீழே இறக்கினார். இடது பக்கம் முழுதாக இறங்கியது. வலது பக்கம் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. கோனியோமீட்டர் தேவைப்படவில்லை. அறுபது. பத்து டிகிரி குறைவு. கட்டுப் பிரித்த கைக்கு முதல் இரண்டு வாரம் எவ்வளவு முக்கியம் என்று அதற்குள் எனக்குப் புத்தகத்திலும் தெரியும், கையிலும் தெரியும்.

அங்கேயே சொல்லிவிட்டேன். படிவம், டிக், என் பயம், முதல் பன்னிரண்டு நாள் நான் வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு நின்றது, அந்தப் பத்து டிகிரி இனி வராது என்பது, எல்லாம். அவர் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். எஸ்டேட் பக்கம் போகிற பஸ் வந்தது. ஓடிப்போய் அந்தக் கையாலேயே கம்பியைப் பிடித்துப் படியில் ஏறி நின்றுகொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அந்தப் பத்த வெச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்? நீயே வெச்சிக்கோ."

வைத்திருக்கிறேன். இன்றைக்கும் புதிதாக ஒரு கையைத் தொடும்போது உள்ளங்கை வேர்க்கிறது. பவுடரைப் போட்டுக்கொண்டு, முதல் நாளே பிடித்துவிடுகிறேன்.